சேவல் கொண்டையும் பேத்தி கன்னமும்

ஏ தாயி, கொரியர்காரன் கொடுத்துட்டுப் போன டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வைக்க வேண்டாம். நான் எடுத்துப் பாத்தாச்சு. வாசிச்சும் பாத்தாச்சு. பள்ளிக்கூடத்துல அறிவியல் நடத்தி ரிட்டையரானவங்கிட்ட டப்பாவை மறைக்கலாம், எழுத்தை மறைக்க முடியாது. ஹயலூரானிக் ஆசிட், 2 சதவீதம், 30 மில்லி, 600 ரூபா. லிட்டர் கணக்குப் போட்டா 20,000 ரூபா வருது. உங்கப்பன் விடியக்காலம் எந்திரிச்சுப் பால் சொசைட்டியில ஊத்துறானே, அதுக்கு லிட்டருக்கு என்ன கெடைக்குதுன்னு அவங்கிட்டயே கேட்டுக்கோ. நான் சொன்னா வயிறு எரியும்.

மூஞ்சியைத் தூக்காத. வாங்கினது தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. உன் சம்பளம், உன் கன்னம். ஆனா மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்காம மாடு வாங்குனவன் நம்ம வம்சத்துல கெடையாது. அந்த வழக்கத்துல நாலு வார்த்தை சொல்றேன், கேட்டா கேளு, கேக்காட்டி போனை நோண்டு.

மொதல்ல அந்தச் சேர்மானப் பட்டியலைப் பாரு. எது அதிகமோ அது முன்னால வரணும், அதான் முறை. முன்னால நிக்கிறது தண்ணி. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கெடைச்சுதுல்லா, அந்த மிட்டாய் போடுறவங்கிட்டப் போயி என்னய்யா சேர்மானம்னு கேளு. கடலைன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லுவான். இந்த டப்பாக்காரனும் உண்மையைத்தான் சொல்லியிருக்கான், இல்லேங்கல. ஆனா கொட்டை எழுத்துல ஒண்ணு, எறும்பு எழுத்துல ஒண்ணு.

அட்டையில இன்னொரு வரி இருக்கு. தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு தண்ணியை இழுத்து வைக்குமாம். உன் போன்ல பேசுற பிள்ளை அதுக்கும் ஒரு படி மேல போயி, 1 கிராம் சரக்கு 6 லிட்டர் தண்ணியைப் பிடிக்கும்னு சொல்லுது. நல்லது. சிலேட்டை எடு. 70 கிலோ எடையுள்ள ஆளு உடம்புல இந்தச் சரக்கு 15 கிராம் போல இருக்குன்னு மருத்துவப் புஸ்தகம் சொல்லுது. பதினஞ்சாறு தொண்ணூறு. 70 கிலோ ஆளுக்குள்ள 90 லிட்டர் தண்ணி! அப்படி ஒரு ஆளைக் கொண்டாந்து நம்ம தெரு முக்குல நிறுத்துனா லாரித் தண்ணி வாங்குற செலவு மிச்சம். மாப்பிள்ளை பாத்தா அப்படி ஒருத்தனைப் பாரு, வீட்டோட வச்சுக்கிடுவோம்.

உள்ளதைச் சொல்றேன். அது ஒரு நீளச் சங்கிலி. குளுக்குரோனிக் அமிலம் ஒண்ணு, அசிட்டைல் குளுக்கோசமைன் ஒண்ணு, ரெண்டும் சர்க்கரை வகைதான், மாத்தி மாத்திக் கோத்து ஆயிரக்கணக்குல போகும். தண்ணிக்குள்ள விழுந்ததும் தளர்வாச் சுருண்டு, தன் அளவுக்கு மேல எடத்தை வளைச்சுப் போட்டுக்கிடும். அந்த வளைப்புக்குள்ள மாட்டுன தண்ணி அங்கிட்டு இங்கிட்டு ஓட முடியாமக் கொழகொழன்னு நிக்கும். இருக்கிற தண்ணியை ஓட விடாது, அது அதோட சாமர்த்தியம். இல்லாத தண்ணியை உண்டாக்கிக் கொடுக்கிறது அதுக்குத் தெரியாது. இந்த ஒரு சங்கதியை மட்டும் முந்தானையில முடிஞ்சு வச்சுக்கோ, மிச்சம் நான் பேசுறது எல்லாம் இதைச் சுத்தித்தான்.

இது என்னமோ சீமையில இருந்து எறங்குன சரக்குன்னு நெனைக்காத. உங்கம்மா வயித்துல நீ வெறும் கருமுட்டையா இருந்த காலத்துலயே உன்னைச் சுத்திக் காவலுக்கு நின்னது இதுதான். உங்கப்பன் பக்கத்துல இருந்து வந்த சங்கதி இந்தக் காவலைக் கரைச்சுக்கிட்டு உள்ள நுழைய ஒரு நொதியைக் கையோட கொண்டாந்துச்சு. அதுக்கு மேல தாத்தன் வாயால சொல்லக் கூடாது, பாடப் புஸ்தகத்துல பாத்துக்கோ. பெறகு தொப்புள்கொடி. நீ உள்ள கெடந்து உருண்ட உருட்டுக்கு அது முறுக்கிக்கிட்டுப் போகாம, ரத்தக்குழாய் நசுங்காம இருந்துதுன்னா, அதுக்குள்ள நெறஞ்சு கெடந்த இந்தக் கொழகொழப்புதான் காரணம். கண்ணுக்குள்ள இருக்கு. முட்டிக்குள்ள இருக்கு. உடம்புல உள்ள மொத்தத்துல பாதி தோலுலதான் இருக்கு.

அந்த 15 கிராம்ல மூணுல ஒரு பங்கு, ஒரு 5 கிராம்னு வையி, தினமும் அழிஞ்சு தினமும் புதுசா உண்டாகுது. உன் டப்பாவுல 2 சதவீதம்னா 30 மில்லிக்கு 0.6 கிராம். அப்ப ஒரு நாளைக்கு எட்டு டப்பாச் சரக்கை உன் உடம்பு பில் போடாமச் செஞ்சு கொடுக்குது. உன் வெலைக்கு 4,800 ரூபா. தினமும்! இம்புட்டு சொத்தை உள்ள வச்சுக்கிட்டு வெளிய கடன் வாங்கப் போறவளை என்னன்னு சொல்ல?

'வயசானாக் குறையும்ல தாத்தா'ன்னு கேக்குற. வாஸ்தவம். மேல்தோலுல வயசு ஏற ஏறக் கொறையுது, வெயில் அதை இன்னும் வெரசாக் கொறைக்குது. ஆனா இருபத்தி நாலு வயசுல நீ எதுக்கு என் கவலையைப் படுற? அதை நான்ல படணும்!

இதைக் கண்டுபிடிச்ச கதை கேட்டா உனக்குச் சிரிப்பு வரும். 1934-ல நியூயார்க்குல கொலம்பியா பல்கலைக்கழகத்துல கார்ல் மேயர், ஜான் பால்மர்னு ரெண்டு பேரு, மாட்டுக் கண்ணுக்குள்ள இருக்கிற கூழை நோண்டிப் பாத்து இதைப் பிரிச்சு எடுத்தாங்க. அடுத்து எண்ட்ரே பாலாஸ்னு ஒரு ஹங்கேரிக்காரர். கேக்கு ரொட்டி சுடுறவங்க முட்டை வெள்ளைக்கருவுக்குப் பதிலா இதைச் சேத்துக்கிடலாம்னு 1942-ல காப்புரிமைக்கு எழுதிப் போட்டாரு. அதாவது தாயி, நீ கன்னத்துல தடவுறது ஒரு காலத்துல அடுப்புக்குள்ள போக வேண்டிய சரக்கு. இது எதுல ஏராளமாக் கெடைக்கும்னு தேடுனப்போ சிக்குனது சேவல் கொண்டை. செக்கச்செவேர்னு தலையில வச்சுக்கிட்டு நம்ம சேவல் நடக்குதே மிடுக்கா, அந்தக் கொண்டையை அரைச்சுச் சுத்தம் பண்ணி எடுத்ததை 1980 வாக்குல கண்ணு ஆப்பரேஷனுக்குக் கொண்டாந்தாங்க. புரட்டாசி பொறந்தா முட்டை வெந்த சட்டியைக்கூடத் தொடமாட்டேங்கிற உங்க ஆச்சிக்கிட்ட இதைச் சொல்லிறாத.

பயப்படாத, உன் டப்பாவுல இருக்கிறது சேவல் இல்ல. இப்ப எல்லாம் கிருமியை வளத்து அதுகிட்ட இருந்து எடுக்காங்க. குதிரைக்குச் சீக்கு கொடுக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஜாதி ஒண்ணு. அது ஏன் இதைச் செய்யுதுங்கிற? இந்த ஜாதியில சிலது நம்ம உடம்புல உள்ள சரக்கையே செஞ்சு மேல போத்திக்கிட்டு வரும். உள்ள காவலுக்கு நிக்கிற அணுக்கள் பாத்துட்டு, நம்மாளுதான்னு விட்டுரும். நமக்குத் தொண்டையைக் கட்டவைக்கிற கிருமிக்கும் இதே புத்திதான். அந்தத் திருட்டுப் போர்வையைத்தான் உருவிச் சுத்தம் பண்ணி விக்கான். உலகத்துல விக்கிறதுல பெரும்பங்கு சீனாவுல ஷான்டாங் மாகாணத்துல இருந்து வருது. அசுத்தம்னு நான் சொல்லல. சேவலுக்கு இது எம்புட்டோ தேவலை, கொண்டை தப்பிச்சுது.

சரி, சீனா வரைக்கும் போயிட்டோம். இப்ப நம்ம எட்டயபுரம் பக்கம் வருவோம். இந்தச் சரக்குக்கும் நம்ம கரிசலுக்கும் என்ன சம்பந்தம்னு நீ கேக்கல, கேக்காட்டியும் சொல்லுவேன்.

அயன்வடமலாபுரம் உனக்குத் தெரியும்ல? அங்க ஒரு சம்சாரி வீட்டுல 1918 அக்டோபர் 1-ம் தேதி பொறந்தவரு கோவிந்தப்ப வெங்கடசாமி. மதுரை அமெரிக்கன் கல்லூரியில வேதியியல் படிச்சு, சென்னை ஸ்டான்லியில 1944-ல டாக்டராகி, ராணுவத்துல போயிச் சேந்தாரு. பிரசவ வைத்தியம் பாக்கணும்னு ஆசை. சொந்தத்துலயே பிரசவத்துல பொம்பளைப் பிள்ளைகள் செத்ததைப் பாத்த மனுஷன். ஆனா முடக்குவாதம் வந்து போட்டுப் பெரட்டிருச்சு. 1948-ல ராணுவத்துல இருந்து அனுப்பிட்டாங்க. மாசக்கணக்காப் படுக்கை. கை வெரல் எல்லாம் கோணி முறுக்கிப் போச்சு. பேனா பிடிக்க முடியாத வெரலு.

முட்டு வீக்கம்னா என்ன? எலும்பும் எலும்பும் உரசாம வழுவழுன்னு ஓட நடுவுல ஒரு திரவம் இருக்கு. அந்தத் திரவத்துக்கு வழுவழுப்பைக் கொடுக்கிறது இந்த ஹயலூரானிக் அமிலம். முடக்குவாதக்காரருக்கு மூட்டு அழற்சியில அந்தச் சங்கிலி துண்டு துண்டாகி, திரவம் நீத்துப் போகும். ஆக, இந்தச் சரக்கு கெட்டா மனுஷன் என்ன பாடுபடுவான்னு தன் பத்து வெரல்லயும் கண்டவரு அவரு. பிரசவம் பாக்க அந்தக் கை ஒத்து வராதுன்னதும் கண்ணுக்கு மாறினாரு. கோணல் வெரலுக்குத் தோதாக் கத்தியைப் பிடிக்கப் பழகி, கண்ணுக்குள்ள வேலை பாக்க ஆரம்பிச்சாரு. மதுரை மெடிக்கல் காலேஜுல கண்ணுப் பிரிவுக்குத் தலைவரா இருந்தாரு. 1973-ல பத்மஸ்ரீ. 58 வயசுல, நான் ரிட்டையராகி வேப்பமரத்தடியில கட்டிலைப் போட்டேனே அந்த வயசுல, 1976-ல 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்குனாரு. இன்னைக்கு அது உலகத்துலயே பெரிய கண் ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணு. திருநெல்வேலிக் கிளை 1988-ல வந்துச்சு. நம்ம பக்கத்துல பாதிக் கெழடுக வேன்ல ஏறி அங்க போயித்தான் பார்வையை வாங்கிட்டு வந்திருக்கு. அவரு 2006-ல காலமானாரு. அவரு கையால மட்டும் லட்சத்துக்கு மேல ஆப்பரேஷன்னு சொல்லுவாங்க.

இதுல உன் டப்பா எங்க வருதுன்னா, கண்புரை ஆப்பரேஷன்ல. கருவிழியோட உள்பக்கத்துல மெல்லிசா ஒரு அணு வரிசை உண்டு. அது போனாப் போனதுதான், திரும்ப முளைக்காது. டாக்டர் கத்தியையும் லென்ஸையும் உள்ள கொண்டு போகும்போது அது மேல இடிச்சிறக் கூடாது, கண்ணும் அமுங்கிப் போயிறக் கூடாது. அதுக்குன்னு ஒரு கூழை உள்ள செலுத்தி எடத்தை நிறுத்தி வச்சு, வேலை முடிஞ்சதும் கழுவி எடுத்துருவாங்க. சேவல் கொண்டைச் சரக்கு வைத்தியத்துல பேரு வாங்கினது இங்கதான். இதுல பொய் பித்தலாட்டம் கெடையாது. இங்க அது செய்யிற வேலைக்கு நான் கும்புடு போடுவேன்.

ஆனா வெல? இலவசமாப் பாக்கிற கெழவனுக்கு எல்லாம் அந்த வெலையைக் கொடுத்துக் கட்டுபடியாகுமா? அதனால நம்ம நாட்டுல கொறஞ்ச செலவுல கண்புரை எடுக்கிற எடங்கள்ல பெரும்பாலும் வேற ஒரு கூழைப் போட்டாங்க. ஹைட்ராக்சிப்ரோப்பைல் மீதைல் செல்லுலோஸ். பேரைக் கேட்டு மெரளாத, பஞ்சுலயும் மரத்துலயும் இருக்கிற செல்லுலோஸைப் பக்குவம் பண்ணினா வர்றது. பஞ்சு! நம்ம கரிசல்ல கருங்கண்ணி போட்டு வண்டி வண்டியா ஏத்தி அனுப்புனோமே, அந்த ஜாதி. சிக்கலான கேசுக்கு ஒசத்திச் சரக்கு, சாதாரணக் கேசுக்கு இந்தச் சரக்கு. 1992-ல அரவிந்த்காரங்களே மதுரையில ஆரோலேப்னு ஒண்ணைத் தொடங்கி, கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸை வெளிநாட்டு வெலையில பத்துல ஒரு பங்குக்குச் செஞ்சு காட்டுனாங்க. கண்ணுக்கே வெல பாத்துப் பதில் சரக்கு தேடலாம்னா, கன்னத்துக்குத் தேடக் கூடாதா?

அதனாலதான் கேக்கேன். மெடிக்கல் கடையில கிளிசரின்னு ஒண்ணு, உங்க ஆச்சி பிரசவத்துக்குப் போன காலத்துல இருந்து விக்கான். அதுவும் தோல் மேல தண்ணியைப் பிடிச்சு வைக்கிற சரக்குதான். கொஞ்சமாத் தண்ணி கலந்து தடவணும், அப்படியே பூசுனா எரியும். வெலையைக் கேட்டா உனக்குக் கேவலமா இருக்கும், ஏன்னா குப்பி அழகா இல்ல, சொட்டு விடுற ரப்பர் மூடி இல்ல, பேசுறதுக்கு ஒரு பிள்ளையும் இல்ல.

தோலுக்குள்ள போகுமான்னா, அங்கதான் விவகாரம். தோலுங்கிறது வெளியில இருக்கிறதை உள்ள விடாம இருக்கத்தான் படைச்சிருக்கு. மூலக்கூறு எடையில 500 டால்டனுக்கு மேல போனா மேல்தோலைத் தாண்டி நுழையிறது கஷ்டம்னு தோல் வைத்தியக்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. இந்தச் சங்கிலி பத்து லட்சம் டால்டனுக்கு மேல எல்லாம் போகும். அது உள்ள போறதாவது! மேலயே உக்காந்துக்கிடும். அதைத் தெரிஞ்சுக்கிட்டு, நாங்க சின்னத் துண்டா நறுக்கிப் போட்டிருக்கோம், ஆழமா எறங்கும்னு இன்னொருத்தன் கூவுதான். சின்னத் துண்டு கொஞ்சம் கூடுதலா எறங்குறது உண்மை. ஆனா உடம்புல இந்தச் சங்கிலி எப்பத் துண்டாகும்? காயம் பட்டா, அழற்சி வந்தாத் துண்டாகும். அந்தத் துண்டைப் பாத்தா உடம்பு, ஏதோ ஆபத்துன்னு முழிச்சுக்கிடுறதைச் சோதனைச் சாலையில பாத்திருக்காங்க. முகத்துல தடவுற அளவுக்கு ஒண்ணும் ஆயிறாதுன்னுதான் நானும் நெனைக்கேன். ஆனா நுணுக்கினாத்தான் ஒசத்தின்னு கூடக் காசு கேக்கிறவனுக்கு, நான் என் பெட்டிச் சாவியைத் தரமாட்டேன்.

அப்ப மேலயே உக்காந்துக்கிட்டு என்ன பண்ணும்? அங்கதான் நம்ம மண்ணைப் பாரு. கரிசலும் இதே சங்கதிதான். மாண்ட்மோரில்லோனைட்னு ஒரு களி இதுக்குள்ள இருக்கு. தண்ணி பட்டா அடுக்கடுக்காத் தண்ணியை உள்ள வாங்கி ஊதும். ஐப்பசி கார்த்திகையில புஞ்சைக்குள்ள கால் வச்சா செருப்பைப் பிடுங்கிக்கிட்டுத்தான் விடும். அந்த ஒரு பருவத்து ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, பெறகு மழை இல்லாமலே பருத்தியையும் உளுந்தையும் கம்பையும் கரையேத்திரும். அப்பேர்ப்பட்ட மண்ணு, சித்திரையில என்னாகுது? பாளம் பாளமா வெடிச்சு, கால் உள்ள போற அளவுக்கு வாயைப் பொளந்துருது. வெடிப்பு வழியா அடியில கெடந்த ஈரமும் மேல ஏறிப் பறந்துருது. பிடிச்சு வைக்கிற கொணம் மண்ணுக்கு அப்பவும் இருக்கு, எங்கிட்டும் போகல. மேல பெய்யவும் ஆளில்ல, வெடிப்பை மூடவும் ஆளில்ல. அதுக்குத்தான் சம்சாரி களைகொத்தும்போதே மேல்மண்ணைக் கிளறிப் புழுதியாக்கி வெடிப்பை மூடுவான். இங்க கோவில்பட்டியில 1901-ல தொடங்குன விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இருக்கே, அவங்க நூறு வருஷத்துக்கு மேல மல்லுக்கட்டுறதும் இந்த ஒரு ஈரத்துக்காகத்தான்.

இப்ப உன் கன்னத்துக்கு வா. சென்னையில கடக்காத்து அடிக்கிற எடத்துல, காத்துலயே ஈரம் நெறைய இருக்கு. நீ தடவுனது அதுல கொஞ்சத்தை வாங்கிக்கிடும். கோவில்பட்டியில கத்திரி வெயில் மதியம் ரெண்டு மணிக்கு, இல்ல உன் ஆபீஸ் ஏசிக்குள்ள, காத்துல ஈரம் எங்க இருக்கு? வெளிய வாங்குறதுக்கு ஒண்ணும் இல்லாட்டி உன் தோலோட அடி ஈரத்தையே மேல இழுத்துக் காத்துக்குக் கொடுத்துரும். 'தடவுன பெறகுதான் தாத்தா ரொம்பக் காஞ்சு போன மாதிரி இருக்கு'ன்னு நேத்து நீயே கண்ணாடி முன்னால நின்னு பொலம்புனியே! 600 ரூபா கொடுத்து வறட்சியை வெலைக்கு வாங்குன மொத ஆளு இந்தத் தாலுகாவுல நீதான்.

வாங்கியாச்சு, வீணாக்காத. மொகத்தைக் கழுவித் துடைச்சுக் காய வச்சுட்டுத் தடவாத, ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும்போதே ரெண்டு சொட்டுத் தடவு. தடவுன கையோட மேல ஒரு மூடி போடு: வாசலின் போதும், இல்லாட்டி ஏதாவது ஒரு க்ரீம். தேங்காண்ணெய்யும் ஆகும், ஆனா மொகத்துல பரு வர்ற ஆளா இருந்தா வேண்டாம். இப்படிச் செஞ்சா மேல்தோல் கொஞ்சம் உப்பி, சின்னச் சின்னக் கோடு எல்லாம் ராத்திரி வரைக்கும் மறைஞ்சு நிக்கும். கழுவுனாப் போயிரும். அது பொய் இல்ல, ஆனா அம்புட்டுத்தான் மெய்.

இன்னொண்ணு பாரு. நம்ம புஞ்சையில களை வெட்ட வர்ற பொம்பளைக என்ன போட்டுக்கிட்டு வர்றாங்க? சேலைக்கு மேல புருஷனோட பழைய முழுக்கைச் சட்டை, தலையில துண்டு, அதுக்கு மேல சும்மாடு. நீ சின்னப் பிள்ளையில அதைப் பாத்துக் கெக்கெக்கேன்னு சிரிப்ப. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் தோலுல உள்ள கொலாஜனை அறுத்து, இந்த ஹயலூரானிக் சரக்கையும் கொறைக்கிறது உலகமெல்லாம் ஒத்துக்கிட்ட சங்கதி. அந்தப் பழைய சட்டைக்குள்ள இருக்கிற கை, சட்டைக்கு வெளியில இருக்கிற மணிக்கட்டு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு. ஒரே ஆளு, ஒரே வயசு, இருபது வருஷ வித்தியாசம் தெரியும். அந்தச் சட்டைக்கு யாரும் விளம்பரம் போடல, ஏன்னா அது புருஷன்காரன் கிழிச்சுப் போட்டது. நீ ஸ்கூட்டியில கையை வெளிய நீட்டிக்கிட்டு ஊரைச் சுத்திட்டு வந்து ராத்திரி சொட்டு மருந்து போடுற. இந்தக் கூத்தை எந்தக் கணக்குல சேக்க?

உங்க ஆச்சி முட்டிக்கு வருவோம். முட்டி தேய்ஞ்சு போச்சு, உள்ள ஊசியில இதே சரக்கைப் போட்டா வழுவழுன்னு ஆயிரும்னு ஒரு டாக்டர் சொன்னாருன்னு, உங்கப்பன் கடன் வாங்கத் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டான். நான்தான் நிறுத்துனேன். இந்த ஊசி 1997-ல இருந்து அமெரிக்காவுல நடக்கு. அதைப் பத்தி நடந்த 169 சோதனைகளை, இருபதாயிரம் பேருக்கு மேல சேந்த கணக்கை, மொத்தமாத் தொகுத்து 2022-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல போட்டாங்க. வலி கொறையுது, ஆனா வெறும் உப்புத்தண்ணி ஊசிக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம், நோயாளிக்குத் தோணுற அளவுக்குக்கூட இல்லைன்னு முடிவு. மேக்கொண்டு வேண்டாத பக்கவெளைவும் கொஞ்சம் கூட. சிலருக்குக் கேக்குதுன்னு சொல்ற டாக்டர்களும் இருக்காங்க, நான் வம்புக்கு வரல. உங்க ஆச்சிக்கு நான் சொன்ன வைத்தியம், எடையைக் கொறை, தொடைக்கு வலு வர்ற மாதிரி தினம் காலை நீட்டி மடக்கு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இல்ல. எடையைக் கொறைக்கச் சொன்னவன் மொதல்ல கொறைச்சுக் காட்டட்டும்னுட்டா.

கடைசியா ஒண்ணு. உன் போன்ல நேத்து ஒரு படம் பாத்தேன், நான் பாக்கலைன்னு நெனைச்சுக்கிட்டு நீ திருப்பிட்ட. உதட்டுக்குள்ள ஊசி போட்டு உப்ப வைக்கிற படம். அதுவும் இதே சரக்குதான். உடம்பு ஒரு நாள்ல கரைச்சுறக் கூடாதுன்னு சங்கிலிகளை ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெட்டியாக்கி வச்சிருப்பாங்க. அதனால மாசக்கணக்குல நிக்கும். அமெரிக்காவுல 2003-ல மொகச் சுருக்கத்துக்குன்னு இதுக்கு அனுமதி கொடுத்தாங்க, இப்பச் சந்துக்குச் சந்து வந்துருச்சு. உன் உதட்டுல என்ன கொறைன்னு எனக்குத் தெரியல, பேசும்போது நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா செய்யணும்னு நீ முடிவு பண்ணிட்டா நான் சொல்லி நிக்கவா போற? அதனால தடுக்கல, ஒரு கேள்வி மட்டும் சொல்லித் தாறேன்.

நம்ம புஞ்சையில கண்ணாடி விரியன் கடிச்சா வெசம் எப்படி மளமளன்னு பரவுது தெரியுமா? வெசத்தோட ஹயலூரானிடேஸ்னு ஒரு நொதியும் எறங்குது. அது தோலுக்கு அடியில இருக்கிற இந்த ஹயலூரானிக் கூழைக் கரைச்சு வழி விட்டுரும், பின்னால வெசம் போகும். தேனீக் கொடுக்குலயும் உண்டு. இப்படிப் பரப்பி விடுற சரக்கு ஒண்ணு இருக்குன்னு 1928-லயே துரான்-ரெய்னல்ஸ்ங்கிற ஸ்பெயின்காரர் சொல்லிட்டாரு. பாம்புக்கு மட்டும் இல்ல, இந்த நொதி டாக்டருக்கும் உதவும். கண்ணு ஆப்பரேஷனுக்கு மரத்துப் போற ஊசி வெரசாப் பரவ இதைக் கலக்குறது உண்டு. அதைவிட முக்கியம், உதட்டுக்கும் மூக்குக்கும் ஊசி போடும்போது அந்தக் கூழு தவறி ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா, ரத்தம் அடைபட்டுத் தோல் கறுத்துச் செத்துப் போகும். கண்ணுக்குப் போற குழாய்ல அடைச்சா பார்வையே போகும். எப்பவோ ஒருத்தருக்குத்தான் நடக்கும், ஆனா நடந்தா அந்த நிமிஷமே இந்த நொதியை ஊசியில ஏத்திக் கூழைக் கரைக்கணும். சீட்டெழுதிக் கொடுத்து மெடிக்கலுக்கு ஆள் அனுப்ப நேரம் இருக்காது.

ஆகவே அந்த எடத்துக்குப் போனதும் ஏசியையும் சோபாவையும் பாத்துச் சொக்கிப் போயி உக்காந்துறாத. சுவத்துல தொங்குற பட்டத்தைப் பாரு, தோல் டாக்டரா, பிளாஸ்டிக் சர்ஜனா, இல்ல பியூட்டி பார்லர்ல நாலு நாள் பயிற்சி எடுத்த ஆளான்னு. பெறகு மெதுவாக் கேளு: 'ஹயலூரானிடேஸ் உங்க ஃபிரிஜ்ஜுல இருக்கா? எடுத்துக் காட்டுங்க, காலாவதித் தேதி பாக்கணும்.' எடுத்துக் காட்டுனா உக்காரு. 'அதெல்லாம் எதுக்கும்மா'ன்னு சிரிச்சா, செருப்பை மாட்டிக்கிட்டு வந்துரு. முன்பணம் கட்டியிருந்தா அதைத் திருப்பி வாங்குற வேலையை உங்க ஆச்சிக்கிட்ட விட்டுரு. அவளுக்கு முட்டிதான் தேய்ஞ்சிருக்கு, வாய் அப்படியே இருக்கு.